பூதலிங்கம் பிள்ளையின் வயிறும் தோலும்

துணி மூட்டையின் கயிற்றை அவிழ்க்கும்போதே வலது முழங்கையைச் சுவரில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வார் பூதலிங்கம் பிள்ளை. மேட மாதக் கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கேட்டால், "தோலு கொஞ்சம் மோசம்" என்பார், யாரோ பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

சாலைக் கடைத்தெரு ஜவுளிக்கடையில் பல வருஷமாக முன்கடையில் நின்று புடவை விரித்தவர். முழங்கையிலும் விரல் கணுக்களிலும் சிவந்த திட்டுகள் வந்தன. மேலே வெள்ளைச் செதில். கல்யாணத்துக்கு எடுக்க வந்த அம்மாள் ஒருத்தி, அவர் தொட்ட புடவையை நகத்தால் தள்ளினாள். மறுநாள் முதலாளி அவரைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்.

ஆவணியில் வயிற்றுக்கடுப்பு. கரமனை டாக்டர் நாகேஸ்வரன் மாத்திரை கொடுத்தார். கடுப்பு நின்றது, கூடவே செதிலும் உதிர்ந்தது! பிள்ளை அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு முன்கடையில் போய் நின்றார். தீபாவளிக்குள் திட்டுகள் திரும்பின, முன்னைவிடச் சிவப்பாக. அதே மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார். இந்தத் தடவை வயிறு கெட்டதுதான் மிச்சம்.

"நான் வயத்துக்குன்னா குடுத்தேன்?" என்றார் டாக்டர். "குடல்லே கோடிக்கணக்கா கிருமி இருக்கு ஓய். எது செத்துது, எது பொழைச்சுதுன்னு யார் கண்டா? மோர் குடிச்சுப் பாரும், அதிலே நல்ல கிருமி உண்டு."

பிள்ளை அடுத்துப் போய்க் காட்டிய தங்கப்பன் வைத்தியர், மோர் என்றதும் கூடாதென்று தலையை ஆட்டினார். "வயிறு நேரே ஆனா தோலும் நேரே ஆவும். மோரு மாத்திரம் தொடப்பிடாது, கேட்டோ."

"ரெண்டு பேரும் வயித்தத்தான் குத்தம் சொல்லுகா" என்றார் பிள்ளை, அவர் தெருவிலேயே குடியிருக்கும் என்னிடம். "ஒருத்தரு குடிங்காரு, ஒருத்தரு தொடாதேங்காரு. அரிக்கது கையிலல்லவா? எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல, பாத்துக்கிடுங்க."

அவர் மனைவி உலகம்மைக்கு வேறு கஷ்டம். "ஒருநா மோரு எங்கேம்பாவ. மறுநா சட்டியக் கண்டாலே சாடுவாவ. நான் பாலுக்கு ஒறை ஊத்தணுமா, வேண்டாமா?"

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இலையைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிள்ளை அதைப் பார்க்காததுபோல் சாப்பிட்டார்.

கடைசியில் மோர் வந்தது. பிள்ளை கையை விரித்து இலையை மறைத்தார். பரிமாறுகிறவர் நகரப்போனார். "நில்லும்" என்று பிள்ளை கையை எடுத்தார். செம்பு சாய்ந்ததும் மறுபடி மறைத்தார். மோர் விரலிடுக்குகளில் வழிந்து சோற்றில் இறங்கியது. அவர் கையை விலக்கவும் இல்லை, சோற்றைப் பிசையவும் இல்லை.