புளி ஆகாத வருஷம்

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நான் பெட்டிக்கடை வைத்திருந்தேன். போளூர் பஸ் மலையேறி வந்து நின்றதும், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யாருக்கு சோடா, யாருக்கு எலுமிச்சம்பழம் என்று எடுத்து வைத்துவிடுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. மங்கம்மாளின் முகம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. சந்தையன்று வருவாள், உப்பும் மண்ணெண்ணெயும் வாங்குவாள், நின்று ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டமாகப் போய்விடுவாள். சரியான திமிர்க்காரி என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

எண்பத்திரண்டாம் வருஷம் மாசியில் அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. கடைக்குப் புளி வாங்குவதற்காக அவள் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் வளைந்து ஏறுகிற ரோட்டுக்கு மேலே, சரிவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அவள் வீட்டு முன் கம்பத்தில் ஏழு வயசுப் பையன் ஒருவனைக் கட்டிப் போட்டிருந்தது. இடுப்பில் மாட்டுக் கயிறு. அவன் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, அந்த இடத்தில் மண்ணே குழிந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். முன்பல் இரண்டும் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். பெற்றவளா நீ, பேயா என்று தொடங்கி வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன்.  மங்கம்மாள் பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். புளியமரத்திலிருந்து விழுந்த தழும்பு, அடுப்பில் பாய்ந்த தழும்பு, கிணற்றுக் கல்லில் கிழிந்த தழும்பு. போன ஐப்பசியில் மயிலைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போனவனை ஊரே தேடி மறுநாள்தான் கண்டுபிடித்ததாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மூன்றே நாளில் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். சந்தையில் அவள் நின்று பேசாததற்கும் காரணம் அந்தக் கயிறுதான். அவிழ்த்துக்கொண்டு போய்விடுவானோ என்று அங்கே நிற்கவே முடியாதாம்.

"கட்டலைன்னா காடு தின்னுடும்க்கா" என்றாள். "கட்டினா உசுரோட இருக்கான்."

பையனுக்குப் பெயர் வீரன். வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும் என்று அவள் புருஷன் லட்சுமணனைக் கிண்டல் செய்தேன். அந்த மனுஷனுக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என் அக்கா ஆயா வேலை பார்த்தாள். அங்கே குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரைப் பற்றி அவள் சொல்லியிருந்தாள். நான்தான் இவர்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தேன். டாக்டரம்மா பையனை நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். இது பேயுமில்லை, தாய் வளர்ப்பில் குற்றமுமில்லை, இவன் மூளைக்கு நிதானம் போதவில்லை, அதற்கு மாத்திரை இருக்கிறது என்று சொன்னாராம். காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று. மத்தியானம் அரை. பொழுது சாய்ந்தபின் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் தூக்கம் போய்விடும். மாதாமாதம் வந்து எடை பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் கடிகாரம் ஏது? கீழே வளைவில் முதல் பஸ் ஆரன் அடித்தால் காலை மாத்திரை. மத்தியான அரையைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடும்போது வாத்தியாரே கொடுத்துவிடுவார். மாத்திரை சாப்பிடுகிறான் என்பதால்தான் அவனை மறுபடி சேர்த்துக்கொண்டார். முதல் மாதத்திலேயே ஒரு குளறுபடி. ஆரன் கேட்டதும் மங்கம்மாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போக, அவள் மறந்துவிட்டாள் என்று லட்சுமணன் இன்னொன்றைக் கொடுத்துவிட்டான். பையன் அன்றைக்கு முழுக்கக் கண் கொட்டாமல் விரல் நடுங்க உட்கார்ந்திருந்தானாம். அதற்கப்புறம் மாத்திரை முழுக்க அவள் பொறுப்பு. என் கடையில் காலியான மிட்டாய் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய், அதில் போட்டு மூடி, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். புருஷனுக்குக்கூட எட்டாத உயரம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாத்திரை வேலை செய்தது. கயிறு இடுப்பை விட்டுச் சுவரில் ஆணிக்குப் போயிற்று. வீரன் உட்கார்ந்தான், சிலேட்டில் எழுதினான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு கையையும் வீசிக்கினு கொல்லை வேலைக்குப் போனேங்க்கா" என்று மங்கம்மாள் என் கடை முன் நின்று சொன்னாள். ஏதோ சீமைக்குப் போய் வந்தது போல அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில்.

ஆனால் அவளுக்கு ஒரு குறை இருந்தது. முன்பெல்லாம் கயிற்றில் கிடந்தாலும் உச்சி வேளையில் "யம்மா சோறு" என்று ஊர் கேட்கக் கத்துவான். மாத்திரை வந்தபின் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அவள் கொடுத்தனுப்பிய சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவதாக வாத்தியார் சொன்னார். பிள்ளை பசி என்று கேட்க மாட்டானா என்று அவள் ஏங்கிப்போனாள். எத்தனை நாள் எரிச்சலோடு காதைப் பொத்திக்கொண்டேன், இப்போது அதுக்கே தவமிருக்கிறேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் இருந்தது. மருந்து என்றால் பத்தியம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் சொல்லவும் வேண்டியதில்லை. மலையில் ஒரு வேரை அரைத்துக் கொடுத்தாலே பத்து நாள் உப்பில்லாமல் கிடக்கிறவர்கள். வேலூர் மருந்துக்கு எவ்வளவு பத்தியம் வேண்டும்? அவளே யோசித்து வகுத்துக்கொண்டாள். புளி கூடாது. கருவாடு, கறி, முட்டை கூடாது. மல்லாட்டைக் கடலை கூடாது. பலாப்பழம், மாம்பழம் கூடாது. சாமைச் சோறும் மிளகுத் தண்ணியும், எப்போதாவது துளி பாலும் வெல்லமும் மட்டும். ஊட்டுகிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று தானும் அதையே தின்றாள். லட்சுமணனுக்கு நாக்கு செத்துப்போய், சந்தையன்று என் கடையில் நின்று ஊறுகாயை நக்குவான். எனக்கும் அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. நானும் பத்தியத்தில் வளர்ந்தவள்தானே.

பையனுக்கும் சொல்லி வைத்திருந்தாள். புளி பட்டால் மருந்து முறிந்துவிடும், மருந்து முறிந்தால் மறுபடி கயிறுதான் என்று.

அடுத்த மாசி வந்தது. அந்த மலையில் மாசி பங்குனி என்றால் எந்த வாசலைப் பார்த்தாலும் புளிதான். உலுக்கியதைக் கூட்டி அள்ளி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, காற்றே புளிக்கும். மற்றப் பிள்ளைகள் வாயில் ஒதுக்கிக்கொண்டே வேலை செய்யும். வீரனும் உட்கார்ந்து ஓடு உடைத்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வேலை முடிந்ததும் விரல்களை மூக்கில் வைத்து ரொம்ப நேரம் மோந்துகொண்டே இருந்தானாம். அதைப் பார்த்துவிட்டு மங்கம்மாள் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதிருக்கிறாள். அவளுக்கும் ஒரு வருஷமாக நாக்கு புளிக்கு ஏங்கிக்கொண்டிருந்தது என்பதையும் என்னிடம் ஒளிக்கவில்லை.

இதற்குள் ஆஸ்பத்திரியில் எடை மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தடவையும் இறங்கினால் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மங்கம்மாள் அதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், கயிறு ஆணியில்தான் தொங்குகிறது. பத்தியம் எங்கோ தப்பியதால்தான் மருந்து உடம்பில் சேரவில்லை என்று நினைத்தாள். லட்சுமணன் திருட்டுத்தனமாக எதையோ கொடுக்கிறான் என்று சண்டை போட்டாள். கொஞ்சநஞ்சம் கொடுத்துவந்த பாலையும் வெல்லத்தையும்கூட நிறுத்திவிட்டாள்.

வழக்கமாக லட்சுமணன் போளூர் வரை வந்து பஸ் ஏற்றிவிடுவான், அந்த மாதம் அவனுக்குக் காய்ச்சல். எனக்கும் கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது, தாய்க்கும் பிள்ளைக்கும் துணையாக நானே வேலூர் போனேன். போளூரில் பஸ் மாறும்போது வாழைப்பழம் வாங்கி நீட்டினேன். பையன் அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் எடை விஷயத்தை என்னிடம் சொன்னாள். இடுப்பில் அரைஞாண் கயிறுகூடத் தொளதொளவென்று இறங்கிக் கிடந்தது.

எடை பார்த்தார்கள். இறங்கித்தான் இருந்தது. டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று கேட்கவே வேண்டியதில்லை. மங்கம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடாதீங்கம்மா. நான் ஒரு நாளு கூட பத்தியம் தப்பலைங்க. புள்ளையும் தப்பலை."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன பத்தியம்மா?"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள், ஒவ்வொன்றாக. அவள் சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த அம்மாள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. எழுந்து வந்து மங்கம்மாளின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த மாத்திரைக்குப் பத்தியமே கிடையாது என்றார். இது பகலில் பசியை அமுக்கிவிடும், அதனால் காலையில் மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையப் போட வேண்டும், பொழுது சாய்ந்து மருந்து இறங்கும்போது பசி எடுக்கும், அப்போது மறுபடியும் போட வேண்டும், முட்டை, மல்லாட்டை, பலாப்பழம், எது கிடைக்கிறதோ அது. ஒரு மாதம் பார்க்கிறேன், அதுவரை நிறுத்தவில்லை என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மங்கம்மாள் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள். "புளிங்க?"

"புளியும் போடும்மா."

 திரும்பும்போது, கணியம்பாடி தாண்டியதும், நானே என் புள்ளையைப் பட்டினி போட்டுட்டேனே என்று ஆரம்பித்தவளை என்னால் நிறுத்த முடியவில்லை. நான் திட்டினேன், எனக்குத் தெரிந்த சமாதானம் அதுதான். போளூரில் இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கருவாடு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் எடை ஏறியது, மாத்திரையும் நிற்கவில்லை. அதற்குப் பின்னும் பல வருஷம் அந்தப் பாட்டில் உத்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது வேலூரிலிருந்து திரும்பிய வாரத்துச் சந்தையில் அவள் வந்து சொன்னதுதான்.

ஊருக்குப் போன மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் புளி கரைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். வாசனை எட்டியதும் வீரன் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவனுக்குப் புரிந்திருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டு, கூப்பிட்டு உட்காரவைத்துச் சோற்றில் குழம்பை ஊற்றினாள். தட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம். அப்புறம் தின்றான். தட்டை நீட்டி "யம்மா சோறு" என்றான். மறுபடி போட்டாள். மறுபடி கேட்டான். அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு வருஷம் ஆயிற்று என்று என் கடை முன்னால் நின்று சொன்னாள்.

மூன்றாம் தடவையும் வழித்துத் தின்றுவிட்டுக் கை கழுவினான். உரல் மேல் ஏறி ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தான். கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கம்பத்தண்டை போய் நின்று, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கட்டிடும்மா" என்றான். "தின்னுட்டேன்ல."