‘இல்ல’ என்றால் நகரும் வரிசை

அந்தத் தடுப்பூசி முகாமில் அவளுக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர் வைத்தது வரிசையில் நின்ற யாரோ ஒருவர். மூன்றே நாளில் நர்ஸ்கள், கம்ப்யூட்டரில் பெயர் பதிகிறவர், கூடத்தைப் பெருக்குகிறவர் எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காதிலும் விழுந்தது. கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு தையல் கம்பெனியின் வாசலில் நின்று, வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைத் துழாவிப் பார்த்தவள் அவள். வாங்காத வசவில்லை. கொரோனாவில் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. சுகாதார அலுவலகத்தில் தற்காலிக வேலைக்கு, ‘வாய் உள்ள ஆளாக’ ஒருவர் வேண்டும் என்றார்கள். அவளுக்கு அது தாராளமாகவே இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் முகாம் நடந்தது. உள்ளே வந்ததும் முதல் மேசை அவளுடையது. கையில் அச்சடித்த தாள். இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா? அண்மையில் கொரோனா வந்துபோனதா? இதற்கு முன் எந்த ஊசிக்காவது மாத்திரைக்காவது முகம் வீங்கி, மூச்சு முட்டியதுண்டா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பெண்ணாக இருந்தால், கர்ப்பமா? எதற்காவது ‘ஆமா’ என்றால், பச்சைத் துணித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ‘ஆமா’ என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வெளியே ஒரு பேச்சு பரவியிருந்தது. அதனால் அவள் தாளை எடுப்பதற்குள்ளேயே வரிசை ‘இல்ல இல்ல இல்ல’ என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

பையைத் திறக்கும் முன்பே ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்கிறவளின் பையைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது வாசலில் அவள் கற்றது. அதனால் கேள்விகளுக்கு நடுவே தானாக ஒன்றைச் செருகி வைத்திருந்தாள்.

“நீங்க இப்ப நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்களா?”

“இல்ல,” என்றார் எதிரே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த தடித்த மனிதர்.

“அப்ப எழுந்திருங்க. போய் வரிசையோட வால்ல நின்னு, காதைக் கழுவிக்கிட்டு வாங்க.”

“என்னம்மா இது! ரெண்டு மணி நேரமா நின்னு வந்திருக்கேன். நீ என்ன கலெக்டரா?”

“கலெக்டரா இருந்தா உங்ககிட்ட எதுக்குப் பேசிட்டிருக்கேன்? சட்டைப் பையில துருத்திட்டு இருக்கே, அது என்ன மாத்திரை?”

அவர் கை தானாகப் பையை மூடியது. இதயத்துக்கு, இரத்தம் உறையாமலிருக்க என்று வாய்க்குள் முனகினார்.

“இதைச் சொல்றதுக்கு என்ன கேடு? ஊசி போட மாட்டேன்னா சொன்னாங்க? சின்ன ஊசியாப் பாத்துப் போடுவாங்க. போட்ட இடத்தைத் தேய்க்காம ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். தெரியாம எழுந்து போனா கை கறுத்து வீங்கும். அப்புறம் ஊசிமேல பழியைப் போட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்க. போங்க, டாக்டரம்மாகிட்ட.”

போகிற வழியில் அவர் சொன்ன வார்த்தை அச்சில் ஏறாது. வரிசையில் சிலர் அவருக்காகக் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் வந்து, “மணிக்கு அறுபது பேர் போகணும். உன்னால முப்பதுகூடப் போகல,” என்று பல்லைக் கடித்தார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அடுத்து வந்து உட்கார்ந்தது அவளுடைய தங்கை.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. தங்கையும் அதே தையல் கம்பெனியில்தான் இருந்தாள். ஒருநாள் மாலை அவள் பையில் மூன்று நூல்கண்டுகள் கிடைத்தன. மகளுடைய பள்ளிச் சட்டையைத் தைக்க எடுத்தது. வாசலில் நின்ற அக்கா, பின்னால் நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதைப் பதிவேட்டில் எழுதினாள். மறுநாள் தங்கைக்கு வேலை இல்லை. இப்போது அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் இருக்கிறாள். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவர்கள் நாளையிலிருந்து உள்ளே வர வேண்டாம் என்று அங்கே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் திரும்பி வர அனுமதி கொடுத்திருந்தார்கள்.

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “எல்லாத்துக்கும் இல்ல. எழுதிக்கோ,” என்றாள்.

“கேள்வியைக் கேட்டுட்டுச் சொல்லு. ஊசிக்கு முகம் வீங்கி, மூச்சு முட்டியிருக்கா?”

“இல்ல.”

“ஏய். பல்லுப் பிடுங்கிட்டு வந்த அன்னிக்கு மாடிப்படியில விழுந்து கிடந்தது யாருடி? உதடு இத்தனை பெருசா வீங்கி, கண்ணு மூடி...”

“நீ யாரு எனக்கு? சொல்றதை எழுதுறதுதானே உன் வேலை?”

சூப்பர்வைசரும் அதையே சொன்னார். “அவங்க இல்லன்னா, இல்லன்னு எழுது. நாளைக்கு ஏதாவது ஆனா அவங்க சொன்னதுதான் கணக்கு.”

“ஆகிறது அவளுக்கு சார். தாளுக்கு இல்ல,” என்று சொல்லிக்கொண்டே அவள் ‘ஆம்’ என்ற கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டாள்.

தங்கை எழுந்து நின்றுவிட்டாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“ஏற்கெனவே ஒரு வேலையைப் பிடுங்கிட்ட. இப்ப இதையும் பிடுங்கணுமா? கூடப் பிறந்ததுக்கு இதுதான் தண்டனையா? எல்லாரும் பாத்துக்கோங்க, இவதான் என் அக்கா!”

“பாத்துக்கட்டும். உள்ள போ.”

சத்தம் கேட்டு டாக்டரம்மாவே தடுப்பை விலக்கிக்கொண்டு வந்தார். இளம் வயது. தூக்கம் இல்லாத கண்கள். “எந்த ஊசிக்கு அப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

“தெரியாது. எனக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள் தங்கை.

“தெரியாதுன்னா இன்னிக்குப் போட முடியாதும்மா. எது ஒத்துக்கலன்னு தெரியாம நான் எப்படிப் போடறது? அப்ப வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.”

தங்கையின் முகம் வெளுத்தது. நாளைக்கு வேலை இல்லை என்று அந்த நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்காவைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

“பெனிசிலின்,” என்றாள் அக்கா. “பல் எடுத்ததும் இடுப்புல போட்டாங்க. கால் மணி நேரத்துல வீங்கிடுச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தப் பேரைச் சொல்லணும்னு அந்த டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னார். இவ மறந்துட்டா. நான் மறக்கல.”

டாக்டரம்மா வேறு சில கேள்விகளும் கேட்டார். பிறகு, “இந்தத் தடுப்பூசியில பெனிசிலின் கிடையாது. போட்டுக்கலாம்,” என்றார். “ஆனா மத்தவங்க பதினஞ்சு நிமிஷம் உட்கார்றாங்க, நீங்க முப்பது நிமிஷம் என் கண்ணு முன்னாடி உட்காரணும். அரிப்போ மூச்சு இறுக்கமோ வந்தா உடனே சொல்லணும். மருந்து பக்கத்துலயே இருக்கு. பஸ்ல போகும்போது வந்தா நான் என்ன பண்றது? அரை மணி முடிஞ்சாதான் சான்றிதழ்.”

ஊசி போட்டார்கள். தங்கை கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்குக் கை வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம், இரண்டு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாவது நிமிடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். டாக்டரம்மா அப்போது தடுப்புக்குப் பின்னால் இருந்தார்.

செக்போஸ்ட் தன் மேசையை அப்படியே விட்டுவிட்டு வந்து அவள் முன்னால் நின்றாள்.

“உட்காரு.”

“பன்னெண்டு ஆகப் போகுது. வழிய விடு.”

“உட்காருன்னேன்.”

“ஓ, இப்பவும் பையைப் பார்க்கணுமா? பாரு!” தங்கை பையைக் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, தண்ணீர் பாட்டில், சலவைக் கூடத்தின் அடையாள அட்டை எல்லாம் தரையில் உருண்டன. “நூல்கண்டு இருக்கா பாரு! எழுதிக்கோ!”

அக்கா குனியவில்லை. “அன்னிக்கு எழுதினது என் வேலை. அதுக்கு நீ சாகிற வரைக்கும் என்னைத் திட்டு. திட்டுறதுக்கு நீ உயிரோட இருக்கணும். உட்காருடி.”

வாசலில் வரிசை கூச்சல் போட்டது. முதல் மேசையில் ஆள் இல்லை. சூப்பர்வைசர் வேகமாக வந்தார். “மேசைக்கு வர்றியா, இல்ல வீட்டுக்குப் போறியா?”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்.”

அவர் அங்கேயே இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு முதல் மேசையில் உட்கார வைத்தார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோடு போட, வரிசை மளமளவென்று நகர்ந்தது.

தங்கை உட்கார்ந்தாள். கீழே கிடந்ததைத் தானே பொறுக்கினாள். பத்து நிமிடமும் அக்கா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கழுத்தில், கன்னத்தில், உதட்டில் எங்கேயும் ஒரு தடிப்பும் வரவில்லை. முப்பதாவது நிமிடம் டாக்டரம்மா பார்த்துத் தலையசைத்தார். சான்றிதழ் கைக்கு வந்தது.

“ஒண்ணும் ஆகல பாத்தியா? இதுக்குத்தான் ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தின,” என்றாள் தங்கை. அன்று அவள் அக்காவிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

“ஆகாம இருந்தது நல்லது. ரெண்டாவது ஊசிக்கு வரும்போதும் பேரைச் சொல்லு.”

தங்கை திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடினாள். ஓடிக்கொண்டே போனில், “வந்துட்டேன் சார், சான்றிதழ் கையில இருக்கு,” என்று யாரிடமோ கெஞ்சுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

சூப்பர்வைசர் அக்காவை வீட்டுக்கு அனுப்பத்தான் நினைத்தார். டாக்டரம்மா குறுக்கே புகுந்து, “இவங்க இங்கேயே நிக்கட்டும்,” என்று நாற்காலி வரிசைகளைக் காட்டினார். கேள்வித் தாளை வாங்கிக்கொண்டு ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார்கள். அவள் அந்த முதல் மேசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஒன்பதாவது நிமிடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நின்றாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”