துரையின் மோட்டார் சைக்கிளும் என் வாய்க்காற்றும்

மோட்டார் சைக்கிளில் ஏறிப் போவது துரை வேலை, அது நின்றுபோனால் தள்ளுவது நம்ம வேலை. நடுமலையில் முதுகு ஒடியத் தள்ளிய புண்ணியவான்களே, இது உங்களுக்குத்தான் புரியும். இலங்கை மலைநாட்டில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன் நான். தோட்டத்தை நடத்துகிற துரை மோட்டார் சைக்கிள் வாங்கியதும், "எஞ்சின் தெரிஞ்ச ஆளு" என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

ஊதின கதை

பசறையிலிருந்து தோட்டத்துக்கு ஒரே ஏற்றம். பெட்ரோல் இறங்கும் குழாய் தொட்டியின் முன்பக்கம் இருந்தது. தொட்டி பாதி காலியானால், ஏற்றத்தில் மிச்சப் பெட்ரோலெல்லாம் பின்பக்கம் போய் ஒதுங்கிக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். நான் ஒரு யோசனை செய்தேன். தொட்டி வாயைத் தக்கையால் அடைத்து, அதில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, பின்னால் உட்கார்ந்து ஊதினேன். காற்று தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போனது. துரை என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் ஊத வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "மகுடிய நல்லா ஊதுங்கண்ணே, தொரை இன்னும் படம் எடுக்கல."

தும்மின கதை

ஒரு நாள் சளி என்று, தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணி எனக்கு மூக்குப்பொடி கொடுத்தார். கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் போதுமென்றால் அது மேலே வந்து, ஊசியால் வாசலை அடைத்துவிடும். வாய்க்காற்றுக்கு அந்த ஊசி நிற்கும். தும்மலுக்கு நிற்குமா? குழாய் வாயில் இருக்கும்போதே தும்மிவிட்டேன். பெட்ரோல் பொங்கி, துரையின் காலுறை முழுக்க நனைந்தது. நல்லவேளை, சுருட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது.

துரை குழாயைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். "இனி எப்பவும் தொட்டி ரொம்பி இருக்கணும். வண்டி இன்னொரு வாட்டி நின்னா, நாளைக்கு நீ மம்பட்டியோட புல்லுவெட்டுக்குத்தான் போகணும்."

பூஜை போட்ட கதை

ஆயுத பூஜை வந்தது. ஸ்டோரில் எல்லா எஞ்சினுக்கும் சந்தனம் வைத்த பெரிய கங்காணி, மோட்டார் சைக்கிளுக்கும் தன் கையாலேயே வைத்தார், தாராளமாக. மறுநாள் தொட்டியை நிரப்பிக்கொண்டு பதுளைக்குக் கிளம்பினோம். ஒரு மைலில் வண்டி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடினேன், ஓடியது. அடுத்த மைலில் மறுபடியும் நின்றது. துரை மண்வெட்டி பிடிப்பது மாதிரி கையைக் காட்டினார்.

மூன்றாம் முறை திறந்தபோதுதான் "உஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்த ஓட்டைமேலேதான் கங்காணியின் சந்தனம் காய்ந்து கல்லாகி இருந்தது. காதுக் கடுக்கனைக் கழற்றிக் குத்திவிட்டேன். அதற்குப் பிறகு பதுளை வரைக்கும் வண்டி நிற்கவில்லை. "யார் பூசினது?" என்றார் துரை. கங்காணி பேரைச் சொன்னால் தொழிலாளர் லயத்தில் குடியிருக்க முடியுமா? "நான்தாங்க" என்றேன்.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "பொட்டு ஒன் தலையில வை. அங்க காத்து உள்ள போக வாணாம்."

கங்காணி கேட்ட கதை

புல்லுவெட்டு தப்பியது. அன்றைக்குச் சாயங்காலம் கங்காணியிடம் பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன், அடுத்த வருஷமாவது மூடியை விட்டுவிட்டு வைக்கட்டும் என்று. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "மூணு தடவ நின்னுச்சே, ஒரு தடவயாச்சும் பள்ளத்துல விழுந்துச்சா? அதுக்குத்தான்யா பூஜ."

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் எவ்வளவு போகலாம் என்று பார்க்க ஓர் ஊசி இருக்கிறது. துரைக்கும் கங்காணிக்கும் நடுவில் நான் வாயை எவ்வளவு திறக்கலாம் என்று பார்க்கத்தான் இன்றுவரை எனக்கு ஒன்றும் அமையவில்லை.