குடிக்காதவர் கையில் கொடுத்த பை

என் வீட்டுக்காரர் பெயர் மாதவராஜ். கம்பைநல்லூர்ப் பக்கம் யாருக்கு உழவு ஓட்ட வேண்டுமென்றாலும் இவருடைய டிராக்டரைத்தான் கூப்பிடுவார்கள். இதே ஜனங்கள்தான் ஒரு காலத்தில் இவரைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்து வாசலில் போட்டுவிட்டு, "நிர்மலா, உம் புருசனப் புடி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, செத்துப் பிழைத்து வந்த பிறகு குடியை விட்டார். அது ஆயிற்று நாலு வருஷம்.

விட்ட மனுஷன் சும்மா இருந்தாரா? எவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தாலும் இவருக்குப் போன் வரும். பாதி உழவில் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். நிலத்துக்காரர் என்னிடம் வந்து கத்துவார், நான் இவரிடம் கத்துவேன்.

"ஊர்ல இருக்கற குடிகாரனயெல்லாம் நீங்கதான் குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?"

"அவங்க பக்கத்துல உக்காந்திருந்தா எனக்கு அந்த நெனப்பு வர்றதில்ல நிர்மலா" என்பார். நல்ல சாக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்களில் அருள்குமார் என்று ஒரு பெயிண்டர், மொரப்பூர்க்காரன். இவன் குடிக்குப் பயந்து பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கே போய்விட்டாள். அவனை டிராக்டரில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே இவர் உழவு ஓட்டுவார். அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தால் வண்டியை நிறுத்தி, சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிக் கொடுப்பார். சோறு எங்கள் வீட்டில். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போடுவேன், ஆனால் குழம்பில் குறை வைத்ததில்லை. அவனும் தேறுவான், பிறகு திடீரென்று காணாமல் போய் எந்தக் கடை வாசலிலாவது கிடப்பான். கடைசியாகத் தூக்கப் போனபோது இவர் சட்டையைப் பிடித்து, "நீ பெரிய யோக்கியனா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான்.

அன்றோடு இவர் யார் போனையும் எடுப்பதில்லை. "என்னால ஒருத்தனும் திருந்தல" என்றார். சனியன் விட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். உழவு முழுசாக முடிந்தது, மனுஷன் வேளைக்கு வீடு வந்தார். ஆனால் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணன் ஆண்டி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் குழி வெட்டுகிறவர்கள், பாடை கட்டுகிறவர்கள், மேளக்காரர்கள் எல்லாருக்கும் சரக்கு கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை நகராது. வாங்கி வந்ததைப் பொதுவில் வைத்தால் பங்காளிகளே காலி பண்ணிவிடுவார்கள் என்பதால் ஓர் ஆள் பொறுப்பில் விடுவது வழக்கம். பெரியப்பா மகன் ராஜப்பன் ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறைய பாட்டில்களோடு வந்தார். சுற்றிப் பார்த்தார். நேராக இவர் கையில் கொண்டுவந்து மாட்டினார்.

"மாதவன்கிட்டயே இருக்கட்டும். அவன் தொட மாட்டான், ஒண்ணுகூடக் கொறையாது."

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அடப் பாவிகளா! இவருக்கு மரியாதை செய்கிறார்களாம். கூடப் பிறந்தவன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும்போது ஒரு வேலையை மாட்டேன் என்று இவர்தான் எப்படிச் சொல்வார்?

நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன், கண் மட்டும் அவர் மேல். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். யாராவது மூடியைத் திருகினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பையோடு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனார். அந்த நடை எனக்குத் தெரியும். குடித்த காலத்தில் ஒளிந்து குடிக்கப் போகிற நடை.

நானே போய்ப் பிடுங்கலாம். பெண்டாட்டி பிடுங்கினால் வீம்புக்கென்றே வேறு இடத்தில் குடித்துவிட்டு வருவார், அதையும் பட்டிருக்கிறேன். என்ன நினைத்தேனோ, அருள்குமாருக்குப் போன் போட்டேன்.

"தெரு முனையிலதான் நிக்கறேன் அண்ணி. மாலை வாங்கிட்டு வந்தேன். உள்ள வர மூஞ்சி இல்ல."

"மூஞ்சியத் தூக்கிக் குப்பையில போடு. உங்க அண்ணன் கையில சரக்குப் பையக் குடுத்துட்டாங்க. கொட்டாய்க்குப் பின்னால போ."

"நானே நேத்து வரைக்கும் குடிச்சவன் அண்ணி. நான் போயி என்ன பண்றது?"

"எனக்குத் தெரியாது. நீ போ."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, பாட்டில் இருக்கும் இடத்துக்கு இன்னொருத்தனையும் நானே அனுப்பிவிட்டேனே! எழுந்து ஓடினேன்.

இவர் கல் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் பாட்டில், மூடி திருகியாகிவிட்டது. எதிரே அருள்குமார் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் உதறியது அவனுக்கு.

"அண்ணா, எனக்கு முடியலீங்கண்ணா. இங்கிருந்து என்னக் கூட்டிட்டுப் போயிருங்க."

புத்தி சொல்ல வரவில்லை அவன், நிஜமாகவே கெஞ்சினான். இவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பாட்டிலை அப்படியே மண்ணில் கவிழ்த்தார். பையை ஒரு கையிலும் அவனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்தார்.

"இந்தாங்கண்ணா, இத வேற யார்கிட்டயாவது குடுங்க."

ராஜப்பனுக்குப் புரியவில்லை. "ஏன்டா? நீதான் குடிக்க மாட்டியே!"

"குடிப்பேங்கண்ணா. இந்தப் பையன் வரலேன்னா இந்நேரம் குடிச்சிருப்பேன்."

என் புருஷன் இத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னதில் எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது. அருள்குமார் கையை விடாமலே போய் அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்தார். அப்புறம்தான் வாய்விட்டு அழுதார். நானும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன், செத்தவருக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் அது பொய்.