மேலே எரிந்தால் நில்

ஒரே பவரில் இரண்டு கண்ணாடி வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும் என்று நின்றார் அந்த மனிதர். கண்ணாடிக் கடையில் இருபத்தோரு வருடமாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவளுக்கு இந்த ரகம் புதிதில்லை. ஒன்றை பஸ்ஸில் விட்டுவிட்டு, இன்னொன்றின்மேல் உட்கார்ந்துவிடுகிற மறதிக்காரர்கள்.

"அடிக்கடி தொலைச்சிடுவீங்களா சார்?"

"தொலைஞ்சாலும் தவிக்கக் கூடாதுன்னுதான் ரெண்டு. நான் பைலட்டும்மா. கண்ணாடி போட்டு ஓட்டறவங்க இன்னொரு ஜோடியைக் கையெட்டற தூரத்துல வச்சிருக்கணும். லைசென்ஸ்லயே எழுதியிருக்கு."

அவள் தேய்க்கும் இயந்திரத்திலிருந்து கையை எடுத்தாள். "கண்ணாடி போட்டுக்கிட்டா விமானம் ஓட்டறீங்க?"

"ஏன், போடாம ஓட்டினாத்தானே பயப்படணும்?" என்று சிரித்தார். "போர் விமானம்னா வேற கதை. அங்க கண் விஷயத்துல ரொம்பக் கறார். பயணிகள் விமானத்துக்குக் கண்ணாடியோட சரியாத் தெரிஞ்சாப் போதும். எங்க ஆளுங்கள்ல எத்தனையோ பேர் கண்ணாடிதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயதில் மூக்கில் ஏறிய கண்ணாடி அவளுடையது. அன்றே அவளுக்கு 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்தவன் அவளைவிட ஆறு வயது மூத்த அண்ணன். ஆனால் விமானம் என்றால் இருவரும் ஒரு கட்சி. மொட்டைமாடியில் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே பெரியதா சின்னதா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுவாள். பத்துக்கு எட்டு முறை அவள்தான் ஜெயிப்பாள். இருபத்தோரு வயதில் அண்ணன் விமானப் பயிற்சிப் பள்ளியின் மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. அன்று மாலையே திரும்பி வந்து பையை மூலையில் எறிந்தான்.

"கண்ணாடி போட்டவனுக்கெல்லாம் வானத்துல வேலை இல்லையாம்."

அம்மா அழுதாள். பதினைந்து வயதில் இருந்த அவள் அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விமானப் படங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அண்ணனுக்கு வெறும் அரை பவர். அவனையே விரட்டினால் தன் மைனஸ் மூன்றரையை வாசல்படிகூட மிதிக்க விடமாட்டார்களே. இயற்பியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் அத்தோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எது தன்னைத் தடுத்ததோ அதையே தேய்க்கிற வேலைக்கு வந்தாள்.

"என் அண்ணனைக் கண்ணாடிக்காகத்தான் திருப்பி அனுப்பினாங்க சார். அரை பவர்."

"அரைக்கா? இருக்காதே. வேற எதுலயோ தட்டியிருக்கும். சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்கத் தெரியலைன்னா அனுப்பிடுவாங்க. அதுக்குக் கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை."

அவர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சிவப்பு பச்சை. அண்ணன் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். ஊரெல்லாம் 'மாஸ்டர்' என்கிறது. சிக்னலைப் பற்றி அவன் சொல்லித்தருகிற பாடம் பிரசித்தம்: "மேலே எரிஞ்சா நில்லு, கீழே எரிஞ்சா போ. நிறத்தைப் பார்த்துக்கிட்டு நிக்காதே, வெயில்ல ஏமாந்துடுவே." என்ன அனுபவம், என்ன நுணுக்கம் என்று படித்துப் போனவர்கள் மெச்சிக்கொள்வார்கள். அவனுக்குச் சட்டை எடுத்து வைப்பது அண்ணிதான். தக்காளி வாங்க அனுப்பினால் பாதி காயாக வரும். "மாஸ்டருக்குக் கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்று வீடே சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள். கண் சோதிக்கிற கடையில் காலம் தள்ளுகிறவள்!

கோபம் அதற்காக மட்டுமில்லை. அண்ணன் மகளுக்குப் பதினேழு வயது, மைனஸ் இரண்டு. போன வாரம் பைலட் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன் என்று வீட்டில் பேச்செடுத்தாள். அண்ணன் அன்று பையை எறிந்தபோது சொன்ன அதே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னான். அந்தப் பெண் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "அப்பா சொல்றது சரிதான்டி" என்று அத்தை தன் வாயாலேயே சொன்னாள். கணக்கியல் படிப்புக்கு விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள்.

இழுப்பறையில் நிறம் சோதிக்கிற புள்ளிப் புத்தகம் இருந்தது. பல நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அதைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

டிரைவிங் ஸ்கூலில் மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் அவன் மகள். இருவருக்கும் நடுவில் அப்பாவின் கையெழுத்துக்காகக் கணக்கியல் விண்ணப்பம். அவள் உட்காரவில்லை. விண்ணப்பத்தின்மேலேயே புத்தகத்தைப் பிரித்து வைத்தாள்.

"என்ன நம்பர்?"

"என்னடி இது, வந்ததும் வராததுமா?"

"நம்பர் கேட்டேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நேரம் கடத்த நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். அவள் பார்க்காததா? மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தான். "புள்ளி புள்ளியா இருக்கு."

"புள்ளிக்குள்ள?"

"சோடாபுட்டி, பொண்ணு முன்னாடி என்ன விளையாட்டு?"

"எழுபத்து நாலு" என்றாள் மகள், எட்டிப் பார்த்து. அவளே அடுத்த பக்கத்தையும் புரட்டினாள். "இது ஆறு. அப்பா, இவ்ளோ பெரிசா இருக்கே... உங்களுக்குத் தெரியலையா?"

வெளியே யாரோ கற்றுக்குட்டி கியர் மாற்றத் தெரியாமல் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் கதவைப் பார்த்தான்.

"தெருவே வழியனுப்ப வந்துச்சுடி. சிவப்பும் பச்சையும் தெரியாதவன்னு திரும்பி வந்தா காலம் பூரா நக்கல் பண்ணியிருப்பாங்க. கண்ணாடின்னு சொன்னா அதுல ஒரு கௌரவம் இருந்துச்சு."

"உன் கௌரவத்துக்காகக் கண்ணாடி மேல பழி போட்டே. அதை நம்பி நானும் வானத்தை விட்டேன்."

"கண்ணாடி போட்டா சேர்த்துக்குவாங்கன்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

"தெரியாதா? அன்னைக்கு நீ கண்ணாடியோடதானே போனே? கண்ணாடியோடதானே உன்னை உட்கார வச்சு எழுத்தைப் படிக்கச் சொன்னாங்க? அதுல தேறினதுக்கப்புறம்தானே இந்தப் புத்தகத்தைத் திறந்தாங்க?"

அண்ணன் புத்தகத்தை மூடினான்.

"இருபத்தோரு வயசுல சொன்னே, போகட்டும். போன வாரம் உனக்கு வயசு நாப்பத்தெட்டு. அதே பொய்யைப் பெத்த பொண்ணுகிட்டயும் சொல்றே. நானும் பக்கத்துல உட்கார்ந்து ஜால்ரா போட்டிருக்கேன்!" அவள் மேஜையில் அறைந்ததில் பேனா உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மகள் அத்தையின் பக்கம் திரும்பினாள். "அத்தே, எனக்கு மைனஸ் ரெண்டு. சேர்த்துக்குவாங்களா?"

"அது எனக்குத் தெரியாது. பரிசோதனை பண்றவங்க சொல்லணும். நானும் சொல்லக் கூடாது, உங்கப்பா சொல்லவே கூடாது."

அந்தப் பெண் புத்தகத்துக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை உருவினாள். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அப்பாவை ஏறிட்டும் பார்க்காமல் வெளியே போனாள்.

அண்ணன் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தான். "வெயில் கொளுத்துது. வா, கொண்டு விடறேன்."

"வேண்டாம். எனக்கு நிறம் தெரியும். நடந்தே போய்க்கறேன்."

கடைக்குத் திரும்பி பைலட்டின் இரண்டாவது ஜோடிக்கு உட்கார்ந்தாள். கவனம் டிரைவிங் ஸ்கூலிலேயே நின்றுவிட்டதில் ஒரு லென்ஸின் ஓரம் அளவுக்கு மேல் தேய்ந்துபோனது. இருபத்தோரு வருடத்தில் முதல் தடவை. அதைக் குப்பையில் எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அது முடிவதற்குள் போனில் அண்ணன் மகளின் செய்தி வந்திருந்தது: பரிசோதனைக்கு நாள் கேட்டு எழுதிட்டேன். அப்பா துணைக்கு வரேங்கறார், வேண்டாம்னுட்டேன். நீங்க வாங்க.

வரேன் என்று மட்டும் பதில் போட்டாள்.

முதலாளி இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளிப் புத்தகம் எங்கம்மா?"

"எங்கண்ணன் மேஜையில இருக்கு சார்" என்றாள், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு பக்கம்கூடப் படிச்சு முடிக்கலை."