மீனுக்குப் பூக்கட்டிய கதை

என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சாருக்கு ஈ வேணுமாம்" என்றார்.

டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ் வீடு. வாசலுக்கு நேரே கரும்புச் சாறு வண்டி நிற்கும். அதுவும் வெயில் காலம், ஈக்கு என்ன குறைச்சல்? எத்தனை வேண்டும், உயிரோடா செத்ததா என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பெரிய அதிகாரிகளுக்கு என்னென்னவோ தேவைப்படும், நாம் யார் அதைக் கேட்க என்று நினைத்து, ஒரு காலி பாட்டிலைக்கூடக் கழுவ எடுத்துவிட்டேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு தூண்டில் முள். அதன் முதுகில் நூல் சுற்றி, இறகு வைத்துப் பூச்சி மாதிரி செய்திருந்தார்கள். பாதி பிரிந்து தொங்கியது. புழு கோர்ப்பதற்குப் பதில் இந்தப் பொய்ப் பூச்சியைத் தூண்டிலில் கட்டித் தண்ணீர் மேல் வீசினால், டிரவுட் என்கிற மலையாற்று மீன் நிஜம் என்று நம்பி வந்து கவ்விக்கொள்ளுமாம். இதற்குத்தான் இங்கிலீஷில் ஈ என்று பேராம்.

அவர் அரசாங்க டிரைவர். அவர் ஓட்டிய காரில் போகிற அதிகாரிதான் சார். லீவு கிடைத்தால் போதும், தூண்டிலை எடுத்துக்கொண்டு குலு பக்கம் மலைக்குப் போய்விடுகிற மனுஷர். சீமையிலிருந்து வாங்கி வைத்திருந்த அவருடைய பூச்சிகளை ஒரு மழைக்காலத்தில் நிஜப் பூச்சி அரித்துவிட்டது. மிஞ்சியதில் ஒன்றைத் தைத்துத் தர முடியுமா என்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவரும் சரி என்று வாங்கி வந்துவிட்டார்.

தைக்கிற வேலை இல்லை அது. கட்டுகிற வேலை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவருடைய குறட்டில் முள்ளைக் கவ்வ வைத்து, பிடி விலகாமல் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக்கொண்டேன். நூலுக்கு மெழுகுவர்த்தி தடவினேன். ஸ்வெட்டரில் மிஞ்சிய பழுப்புக் கம்பளியைப் பிரித்து உடம்பு. கோழிக் கடையில் கேட்டு வாங்கி வந்த சேவல் கழுத்துத் தூவியை முள்ளைச் சுற்றி வளைத்தால், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி விறைத்து நின்று கால்களாகிவிடும். கடைசியில் நூல் அவிழாமல் இருக்க ஒரு முடிச்சு வேண்டும். அதற்குப் பூக்கட்டுகிற முடிச்சையே போட்டேன். நூலை விரலில் முறுக்கிக் கண் மாதிரி ஒரு வளையம் விட்டு, காம்பில் மாட்டி இழுத்தால் இறுகிவிடும். எல்லோரும் ஒரு கண் போடுவார்கள், நான் இரண்டு போடுவேன். இரண்டு கடுகை ஒட்டி வைத்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அஞ்சாவது வரை படித்ததில் எனக்கு மிஞ்சியது இந்த முடிச்சுதான். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூக்கட்டி, அதற்கு வாங்கிய அடியும் ஞாபகம் இருக்கிறது.

சார் அந்த வாரமே மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது, சீமைப் பூச்சிக்கு வாய் திறக்காத மீன் நம் பூச்சிக்கு வந்துவிட்டதாம். யார் கட்டியது என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

இவர் மின்விசிறியைப் பார்த்தார். "தோளைத் தட்டிக் கேட்டாரு. நான்தான்னு வாயில வந்துருச்சு."

எனக்கு ஒரு வகையில் நிம்மதிதான். பால் பூத்தில் எத்தனை பாட்டில் என்று கேட்டால்கூட வாயைத் திறக்காமல் விரலைக் காட்டுகிறவள் நான். கட்டினது இவள்தான் என்று யாராவது கூப்பிட்டு நிறுத்தினால் என் கதி என்ன? ஆனாலும் அன்றைக்குக் குழம்பில் கொஞ்சம் உப்பைக் கூடப் போட்டேன். தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்.

அதிலிருந்து வாரத்துக்கு ஆறு, ஏழு பூச்சி. மத்தியானம் மற்ற பெண்கள் புல்வெளியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு மயிலிறகில் இழை உருவிக்கொண்டிருப்பேன். ஆபீசில் இவருக்கு 'உஸ்தாத்', அதாவது கை தேர்ந்த வாத்தியார், என்று பேராகிவிட்டது. அந்தப் பேர் வந்ததும் நடையே மாறிப்போனது.

ஒரு நாள், "பாஸுக்கு வேணுமாம், பெருசா, வெள்ளையா" என்றார். ஆபீசில் பாஸ் என்றால் சாருக்கும் மேலே இருக்கிறவர்தானே. பெரிய அதிகாரிக்குப் பெரிய ஈ, நியாயம்தான் என்று நினைத்தேன். அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் விசாரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பாஸ் என்பது கடல் மீன். சாரின் மைத்துனர் அமெரிக்காவில் கடலோரத்தில் இருக்கிறாராம், அவருக்கு அனுப்பத்தான். அந்த மீன் சின்ன மீனைத் தின்கிற ஜாதி. அதனால் அதற்குப் பூச்சி கூடாது, குட்டி மீன் மாதிரி விரல் நீளத்துக்கு வெள்ளை முடி வைத்துக் கட்ட வேண்டும்.

வெள்ளை முடிக்கு எங்கே போவது? மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரியிடம் கையாலும் பாதி ஹிந்தியாலும் விளக்கினேன். இந்த ரகசியம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஏறுவதற்காக ஜரிகை போர்த்திய வெள்ளைக் குதிரை வந்து நின்றது. இவள் ஒரு கையில் டீ, ஒரு கையில் லட்டு எடுத்துப் போய், குதிரைக்காரனிடம் உனக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று ஆரம்பித்தாள். நான் முந்தானைக்குள் கத்தரிக்கோலோடு வால் பக்கம் நின்றேன். குதிரை ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தது. அது ஹிந்திக்காரக் குதிரை, எனக்குக் கூச்சமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். அன்றைக்கு அந்த மாப்பிள்ளை வால் குட்டையான குதிரையில்தான் போனார். சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார், மேலே உட்கார்ந்தவருக்கு வால் எங்கே தெரியப் போகிறது.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. மலையில் மீன் பிடிக்கும்போது பூச்சி பிரிந்துபோனால் அங்கேயே கட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும் என்று சாருக்கு ஆசை வந்துவிட்டது. ஆபீசில் இவரைக் கற்றுக் கொடுக்கச் சொன்னார். சாமான் வீட்டில் இருக்கிறது என்று இவர் நழுவினார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கே வருகிறேன் என்றார் சார்.

சார் எதையும் பொறுப்பார், பொய்யை மட்டும் பொறுக்க மாட்டார். இவருக்கு முன்னால் அந்தக் காரை ஓட்டியவன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு சினிமாக் கொட்டகை வரிசையில் நின்றதைச் சார் பார்த்துவிட்டார். மறுநாளே அவனைச் சாமான் ஏற்றும் லாரிக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்குத் திரை போட்ட வெள்ளை அம்பாசிடர் இவருக்கு உயிர். தினமும் துடைக்கிறபோது அதனோடு பேசுவார். என்னோடுகூட அவ்வளவு பேசியதில்லை.

ஐந்து நாள் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். கார் டயரைக் கழற்றி மாட்டுகிற விரல்கள் ஒரு நூலை வளைக்கமாட்டேன் என்றன. ஒரு தடவை கட்டை விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். இன்னொரு தடவை முள் பனியனில் மாட்டி, நான்தான் அவரைத் தூண்டிலிலிருந்து விடுவித்தேன். கடைசியில், "கார் கதவுல விரல் நசுங்கிருச்சுன்னு சொல்லுங்க. நீங்க வாயால சொல்லச் சொல்ல நான் கட்டுறேன்" என்றேன். அவ்வளவு பெரிய கட்டு வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்கவில்லை. காலிஃபிளவர் அளவுக்குத் துணி சுற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சின்ன நோட்டையும் பூதக்கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்தபடி குறட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இவர் பின்னால் நின்று, வகுப்பு எடுக்கிற வாத்தியார் குரலில் ஆரம்பித்தார்.

"மொதல்ல நூலைச் சுத்து. ம். இப்ப இறகை வையி."

எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் தலைகீழாக வைத்தேன். சார் குனிந்து பார்த்தார்.

சாருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அதனால் இவர் அதே வாத்தியார் குரலில், விரலை நீட்டி, "ஏ புள்ள, கால்ல விழுறேன், விளையாடாத. ஒழுங்கா வையி" என்றார்.

நான் தலை நிமிராமல், பயந்த மாதிரி, "சரிங்க. உஸ்தாது யாருன்னு சொல்லுங்க, வைக்கிறேன்" என்றேன்.

"நீதான்."

"காதுல விழலைங்க."

"நீதான் தாயி, நீதான்" என்று காலிஃபிளவரை ஆட்டி அதட்டினார்.

என்ன சொன்னாய் என்று சார் கேட்டார். இறகை மெதுவாகப் பிடிக்கச் சொன்னேன் என்றார் இவர் ஹிந்தியில். சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெள்ளை முடியை எடுத்தபோது, அது எங்கேயிருந்து கிடைத்ததாகச் சாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். ராஜஸ்தானிலிருந்து வரவழைத்தேன் என்று சொல்லியிருக்கிறாராம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சார் எனக்கு வெட்கம் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷர்.

அதற்கப்புறம் நான் விளையாடவில்லை. ஒரு டிரவுட் பூச்சி, ஒரு பாஸ் மீனுக்கானது, இரண்டையும் நன்றாகக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தேன். சார் பூதக்கண்ணாடி வைத்து முடிச்சை வெகு நேரம் பார்த்தார். பிழைத்தோம் என்று எழுந்து காப்பி போட அடுப்படிக்குப் போனேன்.

எழுந்து போகும்போது முதுகைத்தானே காட்ட வேண்டும். தலையில் அன்றைக்குக் காலையில் கட்டின மல்லிகை இருந்தது.

அடுப்படியில் பால் பொங்குகிற சத்தத்துக்கு நடுவில் சார் கேட்டது காதில் விழுந்தது. டில்லியில் இவ்வளவு நெருக்கமாகக் கட்டின பூ எங்கே கிடைக்கிறது என்றார். இத்தனை மாதமாகப் பொய் சொன்ன மனுஷர், அன்றைக்குப் பார்த்து, கேட்காத உண்மையையும் சேர்த்துச் சொன்னார். கடையில் எங்கே சார் கிடைக்கும், உதிரிப் பூ வாங்கி என் பெண்சாதியே கட்டுவாள், இரண்டு கண் முடிச்சு, அவளை மாதிரி யாராலும் போட முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

இவர் தான் சொன்னதை அப்போதுதான் தானே கேட்டிருக்க வேண்டும்.

"பட்டி கோலோ" என்றார் சார். கட்டை அவிழ். துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. ரொம்ப நீளத் துணி. கடைசியில் உள்ளே ஐந்து விரலும் நல்ல வெண்டைக்காய் மாதிரி இருந்திருக்கும்.

எனக்கு அந்த லாரிதான் கண்ணில் தெரிந்தது. காப்பித் தம்ளரோடு திரை ஓரத்தில் நின்றேன். இவர் குனிந்த தலையைப் பார்த்ததும் எப்படியோ வெளியே வந்துவிட்டேன். முதல் தடவையாகச் சாரைப் பார்த்து ஹிந்தி பேசினேன். "ஜூட் மேரா" என்றேன். பொய் என்னுடையது. அதற்கு மேல் வார்த்தை தெரியவில்லை. காலிஃபிளவர் துணியைக் காட்டி, என்னைக் காட்டி, மறுபடியும் "மேரா" என்றேன். விரல் விஷயத்தில் அது உண்மைதானே.

சார் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு சிரிப்பு தாங்காமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மீனிடம் பொய் சொல்லத்தானே இந்த வீட்டுக்கு நான் ஆர்டர் கொடுத்தேன், மிச்சம் எனக்குக் கொஞ்சம் வந்துவிட்டது என்றார். அப்புறம் நோட்டைத் திறந்து, இவர் சொன்னதாக எழுதியிருந்ததை எல்லாம் ஒரே கோடாக அடித்துவிட்டு, தரையில் என் முன்னால் உட்கார்ந்தார். "உஸ்தாத்ஜி, அந்த முடிச்சு" என்றார், என்னைப் பார்த்து.

திங்கட்கிழமை இவர் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்துப் போனார். சார் ஏறி உட்கார்ந்தாராம். கேட் தாண்டினதும், விரல் ஆறிவிட்டதா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அடுத்த ஒரு வருஷமும் தினமும் கேட்டார்.

சார் அடுத்த லீவு முடிந்து மலையிலிருந்து வந்தபோது, பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு டிரவுட் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் அந்த மீனை முதன்முதலாகப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்திருந்தது. என் பூச்சி வாய் ஓரத்தில் அப்படியே இருந்தது, இரண்டு கடுகும் அவிழவில்லை. பெருமை அடங்குவதற்கு முன்பே வெட்டிப் புளிக்குழம்பு வைத்துவிட்டேன். பூண்டு நிறையத் தட்டிப்போட்டு, மிளகாய்த்தூள் தாராளமாக. மாடி வீட்டுக்காரிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

மறுநாள் சார் வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, டிரவுட்டை வெண்ணெயில் லேசாகப் புரட்டி எலுமிச்சை பிழிவதைத் தவிர வேறு எது செய்தாலும் பாவம், நீங்கள் எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். பட்ட பாடு ஞாபகம் வந்திருக்கும். "அவளைக் கேளுங்க சார்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

சார் என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு, புளிக்குழம்பு வாசம் வெளியே போகாமல் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தி, எனக்குத் தெரிந்த இரண்டாவது ஹிந்தி வாக்கியத்தைச் சொன்னேன்.

"மக்கன் மே." வெண்ணெயில்தான்.