தண்ணீர் குடித்துவிட்டு வந்த பஷீர் பாய்

திரையில் படம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. புராஸ்டேட் இருக்க வேண்டிய இடத்தில் கோடு கோடாக இருந்தது. உள்ளே படுத்திருந்தவர் ஆடியிருக்கிறார். "பாய், ஆடாம படுங்க"ன்னு மைக்கில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியனாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். அந்த மிஷின் சத்தம் இல்லாமல் வீடு இன்னும் பழகவில்லை. அன்று உள்ளே படுத்திருந்த பஷீர் பாய் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தோலைச் சீவும் ஷேவிங் மிஷின் ஓட்டுபவர். ரத்தத்தில் பிஎஸ்ஏ ஜாஸ்தி. புற்றுநோயா, வயசானால் வரும் வீக்கமா என்று இந்தப் படத்தை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

வெளியே எடுத்ததும் பாய் பாத்ரூமுக்கு ஓடினார். ஹாலில் அவர் மனைவி நூர்ஜஹான் காலி பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ தண்ணி குடிச்சாரும்மா?"

"நெறைய. நான்தான் குடிக்க வெச்சேன். போன மாசம் வயித்து ஸ்கேனுக்கு அடக்கிட்டு வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த வாட்டி விடுவேனா?"

அந்த ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், இதற்கு அப்படி இல்லை. சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். யார் படிக்கிறார்கள்?

பாய் திரும்பி வந்தார். "கையில ரப்பர் பந்து குடுத்தேனே, அமுக்கியிருந்தா நிறுத்தியிருப்பேனே பாய்?"

"மிஷினை நிறுத்தினா உங்களுக்குப் பேஜாரு. ஏற்கெனவே கோவமா இருந்தீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "வெளிய ஆள் நிக்குது. பேஷண்ட் ஆடிட்டாரு, மோஷன்னு எழுதி அனுப்பிடுங்க. வேணும்னா இன்னொரு நாள் வரட்டும்."

இன்னொரு நாள் வரமாட்டார்கள். ஃபிலிம் கையில் இருந்தால் ஸ்கேன் முடிந்தது என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். "இந்தப் படத்துல டாக்டரால ஒண்ணும் சொல்ல முடியாது சார். திரும்ப எடுத்துட்டுதான் அனுப்புவேன்," என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

மலக்குடலில் காற்று இருந்தாலும், கட்டியைக் காட்டிக்கொடுக்கும் டிஃப்யூஷன் படம் கோணிக்கொள்ளும். வெளிக்குப் போனீர்களா என்று ஒரு பெண் நான் கேட்டால் பாய் கூசுவார். நூர்ஜஹானம்மாவைக் கேட்கச் சொன்னேன். அவர் ஹாலுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் பாத்ரூமுக்குப் போனார்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கவைத்தேன். இந்தத் தடவை ஆடவே இல்லை, தூங்கியே போய்ட்டார். ரேடியாலஜி டாக்டர் திரையில் விரல் வைத்தார். "இதோ, இந்த ஓரத்துல. மொதல் படத்துல இது தெரிஞ்சிருக்காது." மிளகளவு கருப்பு. பயாப்சியில் புற்றுநோய்தான். சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டதால் வைத்தியம் பலித்தது.

இப்போது மிஷினில் உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆடாதே என்று மைக்கில் கத்தாதீர்கள். எழுந்து போய், ஏன் ஆடுகிறார் என்று கேளுங்கள்.

வேலையில் என் கடைசி வாரத்தில் பாயும் நூர்ஜஹானம்மாவும் செக்கப்புக்கு வந்திருந்தார்கள். ஹாலில் சோளிங்கர்க்காரர் ஒருவருக்கு அவர் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நூர்ஜஹானம்மா எழுந்து போனார்.

"இன்னா ஸ்கேனு?"

"புராஸ்டேட் எம்ஆர்ஐ."

பாட்டிலை வாங்கி மூடினார். "அப்ப இது வேணாம். மொதல்ல அப்பாவ பாத்ரூம் போய்ட்டு வரச் சொல்லு. உள்ள அவசரம்னா பந்தை அமுக்கச் சொல்லு. மேடம் கோச்சுக்க மாட்டாங்க."